என்றைக்கு எடுத்த படம்?

நான் செய்தித் துறைக்காக எழுதுகிறவள். இதழியல் படித்துவிட்டு வந்தவளுக்குச் செயற்கைக்கோள் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தப்பு பண்ணினேன். அதுதான் தகுதி.

வேலையில் சேர்ந்த முதல் மழைக்காலம். டெல்டா மாவட்டம் ஒன்றின் செயற்கைக்கோள் வரைபடத்தைக் கொடுத்து, அதற்கடியில் போட ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள். படம் பூராவும் நீலம். ‘வெள்ளத்தில் மூழ்கிய வயல்கள்’னு எழுதிட்டேன். மூத்த அலுவலர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “என்றைக்கு எடுத்த படம்மா இது?” தேதியைத் தேடிப் பார்த்தோம். நடவு நடந்துகொண்டிருந்த வாரம். நீலமாகத் தெரிந்ததில் நிறைய இடம், விவசாயியே தண்ணீர் கட்டி வைத்த வயல். ஏரி குளங்களும் அதில் சேர்த்தி. நல்லவேளை, வெளியாகும் முன்பே வரி மாறிவிட்டது.

அரசுத் துறைகளுக்கு இந்தப் படங்கள் லேசில் கிடைக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடைக்குது. 2023-ம் ஆண்டு இந்திய விண்வெளிக் கொள்கைப்படி, ஒரு புள்ளி 5 மீட்டர் அல்லது அதற்கு மேல் அகலம் உள்ள இஸ்ரோ படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதைவிட நுணுக்கமானவை அரசு அமைப்புகளுக்கு இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களுக்கும் காசு கிடையாது. சிக்கல் எங்கே என்றால், ‘எங்களுக்குச் செயற்கைக்கோள் படம் வேண்டும்’ என்று மட்டும் எழுதுகிற கடிதத்தில். அதை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம், அந்த முடிவுக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதைச் சொன்னால்தான் சரியான படம் வரும்.

மீனவர்களுக்கு மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் அறிவிப்பு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்திலிருந்து வருகிறது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நுண்பாசியின் அளவையும் பார்த்துக் கணிக்கிறார்கள். அதற்கு ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் போன வாரக் கடல் யாருக்கும் உதவாது. கட்டடங்களைக் கணக்கெடுக்கும் நகர அமைப்புக்கு நேர் எதிர்: சுவர் தெரியணும், படம் சில மாதம் பழசானாலும் ஓடும்.

நெல்தான் கஷ்டமான கணக்கு. சம்பா வளரும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை. சாதாரண கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். அதனால் ரேடார் வேண்டும். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் தடை இல்லை. நடவு வயலில் தேங்கிய தண்ணீர் அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கருப்பாக விழும். பயிர் வளர வளர வெளுக்கும். முதலில் கருத்து, பிறகு வாரத்துக்கு வாரம் வெளுக்கும் இந்த வரிசையை வைத்துத்தான் ‘இது நெல்’ என்று கண்டுபிடிக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இந்த முறையில் நெல் பரப்பைக் கணித்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை சுமார் 62 சதவீதம் குறைந்த ஆண்டில், பயிர்க் காப்பீட்டு முடிவுகளுக்கு அது கைகொடுத்தது.

ஆனால் வறட்சி மெதுவாக வரும், படத்துக்குக் காத்திருக்கும். வெள்ளம் அப்படி இல்லை. பயிர் சில நாள் மூழ்கிக் கிடந்தாலே அழுகிவிடும், அதற்குள் தண்ணீரும் வடிந்துவிடும். ஒரு சென்டினல்-1 செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள். 2025 ஜூலை 30-ல் ஏவிய நிசாருக்கும் அதே 12 நாள்தான். அதே ஆண்டு மே 18-ல் நம்முடைய இ.ஓ.எஸ்-09 சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. அதுவும் ரேடார் செயற்கைக்கோள். அன்றைக்கு அது ராக்கெட் செய்தியாக மட்டும் வந்தது. மழைக்காலத்தில் வயலைப் பார்க்க இருந்த ஒரு கண் போச்சு என்று நாங்கள் யாரும் எழுதவில்லை. இப்போது 2022-ல் ஏவிய இ.ஓ.எஸ்-04, சென்டினல், நிசார் என்று எது எந்த நாளில் மேலே போகிறதோ அதையெல்லாம் கோத்துத்தான் இடைவெளியைக் குறைக்க முடியும்.

இது ஏன் உங்கள் விஷயம்? நெல் நீரில் மூழ்கும் இழப்பை, தனி வயல் அளவில் இழப்பீடு தரும் பிரிவிலிருந்து பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2018-ல் நீக்கியது. மூழ்கிய பயிரை மதிப்பிடுவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2026 காரிஃப் பருவம் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. கடினமான கேள்வி திரும்ப வந்திருக்கிறது. பதில் சொல்ல ரேடார் படம் வேண்டும், கிராம எல்லை சரியாக விழுந்த வரைபடம் வேண்டும், தரையிலிருந்து ஒரு சாட்சியும் வேண்டும். எல்லைக்கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஒருவர் வயல் பக்கத்து ஊர்க் கணக்கில் போய்விடும்.

அந்தத் தரைச் சாட்சி நீங்கள்தான். இழப்பை 72 மணி நேரத்துக்குள், பயிர்க் காப்பீட்டுச் செயலியில் இருப்பிடம் பதிவான புகைப்படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது அந்த அறிவிப்பில் உள்ள நிபந்தனை. சந்தேகம் இருந்தால் உதவி எண் 14447. சர்வே எண்ணும் அடங்கலும் கையில் இருக்கட்டும். கைபேசியில் இருப்பிடத்தை ஆன் பண்ணிட்டு, வரப்பில் நின்று எடுங்க. தண்ணி வடியறதுக்கு முன்னாடியே எடுங்க.