ஆள் குறைந்த ஊரும் ஊர்தான்



மக்கள்தொகை குறையும் நகரங்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோ தீவில் இருக்கிறது யூபாரி. நிலக்கரியால் வளர்ந்த ஊர். 1960-ல் அங்கே ஏறத்தாழ 1,17,000 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 7,334 பேர். நூறு பேர் இருந்த இடத்தில் ஆறு பேர்!

போர் வந்ததா? பூகம்பம் வந்ததா? இரண்டும் இல்லை. பெட்ரோலிய எண்ணெய் வந்தது. நிலக்கரிக்கு மவுசு போனது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981-ல் நடந்த ஒரே விபத்தில் 93 தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் மாண்டார்கள். 1990-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலை போனது, அதன் பின்னாலேயே இளைஞர்களும் போனார்கள்.

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. சுரங்க நிறுவனம் வெளியேறியபோது, தொழிலாளர் குடியிருப்புகளும் மருத்துவமனையும் நகராட்சியின் தலையில் விழுந்தன. சுற்றுலா வந்தால் ஊர் பிழைத்துவிடும் என்று கேளிக்கைப் பூங்கா, அருங்காட்சியகம், விடுதி எனக் கடன்மேல் கடன் வாங்கிக் கட்டினார்கள். கூட்டம் வரவில்லை. வட்டி மட்டும் தவறாமல் வந்தது. பற்றாக்குறை வெளியே தெரியாதபடி கணக்கையும் சரிக்கட்டினார்கள். 2006-ல் உண்மை வெளிப்பட்டது. கடன் சுமார் 3,500 கோடி யென்! நகராட்சியின் ஆண்டு வருமானத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. 2007-ல் நகரின் நிதி நிர்வாகம் தேசிய அரசின் கண்காணிப்புக்குள் போனது.

அந்தக் கடனை யார் அடைத்தார்கள்? ஊரை விட்டுப் போனவர்களா? இல்லை ஐயா, போக வழியில்லாமல் அங்கேயே இருந்த முதியவர்கள்! வரி கூடியது, கழிவுநீர்க் கட்டணம் கூடியது. நூலகம் மூடப்பட்டது. பொதுக் கழிப்பறைகள் மூடப்பட்டன. 171 படுக்கை இருந்த மருத்துவமனை, 19 படுக்கை உள்ள சிகிச்சை நிலையமாகச் சுருங்கியது. தொடக்கப்பள்ளிகள் அனைத்தும் சேர்ந்து ஒன்றாயின. சிறு பிள்ளைகள் மலைப்பாதையில் பேருந்தேறிப் படிக்கப் போனார்கள்.

ஒரு தெருவில் நூறு வீடு இருந்தாலும் ஐந்து வீடு இருந்தாலும் குடிநீர்க் குழாயின் நீளம் ஒன்றுதான். பனி அள்ளும் வண்டி போக வேண்டிய தூரமும் ஒன்றுதான். நூறு வீடு பகிர்ந்துகொண்ட செலவு ஐந்து வீட்டின் தலையில் ஏறுகிறது. தாங்க முடியாமல் அந்த ஐந்தில் இரண்டு வீடு கிளம்புகிறது. மீதி மூன்றுக்கு இன்னும் பாரம். நகரங்கள் இப்படித்தான் தேய்கின்றன.

ஆனாலும் யூபாரி அழிந்துவிடவில்லை. 2011-ல் முப்பதே வயதான நவோமிச்சி சுசுகி மேயரானார். ஊர் சுருங்குகிறது என்பதை நகராட்சியினர் ஒளிக்காமல் மக்களிடம் சொன்னார்கள். பாதி காலியாகக் கிடந்த அடுக்குக் குடியிருப்புகளில் சிதறியிருந்தவர்களிடம் பேசி, சம்மதிக்க வைத்து, சில கட்டடங்களில் ஒன்றாகக் குடியமர்த்தினார்கள். நட்டத்தில் ஓடிய கிளை ரயில் பாதையை மூட மேயரே முன்வந்தார். பதிலுக்கு ரயில் நிறுவனத்திடம் பேருந்து வசதிக்கு நிதி கேட்டுப் பெற்றார். 2019-ல் ரயில் நின்றது; அது ஓடியதைவிட அதிக முறை பேருந்து ஓடத் தொடங்கியது. 2020-ல் ஊரின் நடுவே பேருந்து நிலையமும் படிப்பகமும் ஒரே கூரையின் கீழ் திறக்கப்பட்டன. இழந்த நூலகம் திரும்ப வந்தது!

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 1.4 என்கிறது 2020-ன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை நிலைத்து நிற்க 2.1 வேண்டும். இன்று நெரிசலில் திணறும் நம் நகரங்களில் சிலவாவது, இங்கிருக்கும் பிள்ளைகளின் காலத்தில் குறையத் தொடங்கும்.

ஆகவே நகர்மன்றத்தாரிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கை மறைக்காமல் மக்கள் முன் வையுங்கள். புதிதாக எதைக் கட்டினாலும், முப்பது ஆண்டுகள் அதைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரே தொழிலை நம்பிய ஊர் என்றால், அந்தத் தொழில் செழிப்பாக இருக்கும்போதே ஊரின் பங்கை வாங்கி வையுங்கள்.

மக்களாகிய நாம் இந்தக் கேள்விகளை இன்றே கேட்கத் தொடங்குவோம். நாம் கேட்காமல் விட்டால், நம் நகரின் கடனை நம் முதுமையும் நம் பேரப்பிள்ளைகளும்தான் அடைக்க வேண்டியிருக்கும்.