சிறு கல்லூரியா, பெரிய சர்வகலாசாலையா?
(திருவாலங்காட்டில் செய்த சொற்பொழிவு)



பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்துக்கு முன் இவ்வூர்த் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு சங்கதி சொன்னார். அவர் மகள் சரித்திரம் படிக்க ஆசைப்படுகிறாளாம். திருத்தணியில் அரசாங்கக் கலைக் கல்லூரி இருக்கிறது. உறவினர்களோ, பட்டணத்துப் பக்கம் “யுனிவர்சிட்டி” என்று பலகை போட்ட இடத்தில் சேர்த்தால்தான் மதிப்பு என்கிறார்களாம். அதற்காக இருக்கிற ஒரு காணி நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார். அடகு வைத்த நிலத்தை மீட்பது சுலபமல்ல. வீணாய்ப் போன மூன்று வருஷத்தையோ மீட்கவே முடியாது. ஆகையால் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

முதலாவது, பலகையைப் பற்றிய மயக்கம் ஒழிய வேண்டும். 1857-இல் சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டபோது, லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில், பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே அதன் வேலையாயிருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தவை கல்லூரிகளே. திருத்தணிக் கல்லூரியில் படித்தாலும் பட்டத்தில் இருக்கப் போவது அதே சென்னை சர்வகலாசாலையின் பெயர்தான். அமெரிக்காவிலோ ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிறு கல்லூரிகள் தாங்களே பட்டம் கொடுக்கின்றன. நம் நாட்டில் 1978-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றுப் பாடத்தையும் பரீட்சையையும் தாங்களே வகுத்துக் கொண்டன. அப்போதும் பட்டம் சர்வகலாசாலையினுடையதே.

உங்கள் பக்கத்து ஊரான திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணன் படித்ததெங்கே? வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும்தான். பிற்காலத்தில் அவர் ஆக்ஸ்போர்டிலேயே ஆசிரியரானார். அவருடைய தத்துவம் இன்றைய பேச்சல்ல. ஆனால் அவர் தலைமையில் அமைந்த 1948-49 கல்விக் கமிஷன், கலை, விஞ்ஞானப் பகுதிகளில் ஒரு கல்லூரியில் 1,500 பேருக்கு மேலும், சர்வகலாசாலையில் 3,000 பேருக்கு மேலும் சேர்க்கக் கூடாது என்று சிபார்சு செய்தது. கூட்டம் பெருத்தால் படிப்பு பெருகிவிடாது என்பதை உணர்ந்தே அவ்விதம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் சிறிதெல்லாம் நல்லதா? அதுவும் மயக்கமே. கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலும் சேர்ந்து பார்த்தார்; எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டுமென்ற விதி, கணக்கில் அவருக்கிருந்த அறிவைக் கண்டுகொள்ளவில்லை. 1913-இல் மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்ய வைத்தது சென்னை சர்வகலாசாலைதான். மேல் ஆராய்ச்சிக்குப் பெரிய புத்தகசாலையும், பல துறை அறிஞர்களும் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பி.ஏ. முதல் வருஷத்துப் பெண்ணுக்கு அவசரமாக வேண்டியது அதுவா? தான் எழுதியதைப் படித்துப் பார்த்து, “இது தப்பு, ஏன் தப்பு” என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டாமா?

ஆகவே சேர்ப்பதற்கு முன் இரண்டு இடத்துக்கும் நேரில் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள்; படிக்கப் போவது அவள்தானே! நாலு கேள்வி கேளுங்கள். சரித்திரம் சொல்லிக் கொடுக்க நிலையான ஆசிரியர் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? புத்தகசாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, புத்தகம் வீட்டுக்குத் தருகிறார்களா? சாப்பாடு, விடுதி, ரயில் எல்லாம் சேர்த்து மூன்று வருஷச் செலவு எவ்வளவு? திருத்தணியிலே பதில் திருப்தியாயில்லாவிட்டால் அதற்காகப் பெண்ணை அங்கே தள்ளாதீர்கள். ரயிலேறிப் போய் வரக்கூடிய வேறு அரசாங்கக் கல்லூரிகளிலும் இதையே கேளுங்கள்.

அந்தத் தோழருக்கு நம் அபிப்பிராயம் இதுதான்: பதில் நன்றாயிருக்கிற கல்லூரியில் இப்போது சேருங்கள், நிலம் இருக்கட்டும். எம்.ஏ.வுக்கும் ஆராய்ச்சிக்கும் அவள் பெரிய சர்வகலாசாலைக்குப் போகிற காலத்தில் அது உதவும். கிட்ட இருக்கிறதென்ற காரணத்துக்காக மட்டும் பெண்ணை உள்ளூரில் நிறுத்தி, பையனாயிருந்தால் பட்டணத்துக்கு அனுப்புவதாயிருந்தால், அதை நாம் ஒப்பமாட்டோம். இருவருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல்தான்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். போய்ப் பார்த்து, கேட்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.