துயரைப் பகிர்ந்த தோழியர்

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



கணவனை இழந்த பெண்ணின் துயர் ஆறும் வழி பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். அத்துயரை நான் அறிவேன். என் கணவர் மறைந்தபோது எனக்கு வயது 27. கையில் இரண்டு குழந்தைகள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் உறவினர் கலைந்தனர். ஆறுதல் மொழிகள் அன்றோடு தீர்ந்தன. துயரமோ அன்றுதான் தொடங்கிற்று. உணவும் பேச்சும் வெறுத்து மூலையில் கிடந்தேன்.

என்னை எழுப்பியவர்கள் என்னோடு நடவுக்கு வரும் பெண்கள். அவர்களுள் மூவர் என்னைப் போலவே கணவனை இழந்தவர்கள். "அழாதே" என்று அவர்கள் சொல்லவில்லை. அருகில் அமர்ந்து உடன் அழுதார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். ஒருத்தி குழந்தைகளைக் குளிப்பாட்டினாள். ஒரு திங்கள் சென்றபின் என்னை வயலுக்கு அழைத்துச் சென்றார்கள். வரிசையில் குனிந்து நட்டபோது, என் கை தளர்ந்த இடத்தை இருபுறமும் நின்றவர்கள் நட்டு நிரப்பினார்கள். அன்றிரவுதான் பசித்து உண்டேன்.

பின்னர் நால்வரும் நம் சங்கத்தின் இரவுப் பள்ளியில் சேர்ந்தோம். 1975-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய ஆதரவற்ற விதவையர் உதவித்தொகைக்கு, தோழியருக்கான விண்ணப்பங்களை நானே எழுதினேன். கைநாட்டு வைத்த கைகள் கையொப்பமிட்டன.

1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலே, கைம்பெண்களுக்குத் தம் இல்லத்திலேயே புகலிடம் அளித்தவர். 1890-இல் அவரும் கணவரை இழந்தார், ஆயினும் முடங்கினாரில்லை. 1897-இல் பிளேக் நோயாளருக்குத் தொண்டாற்றி, அந்நோயாலேயே உயிர் துறந்தார். பிறர் துயர் துடைத்த கைக்குத் தன் துயரைத் தாங்கும் வலிமையும் வந்துவிடுகிறது.

இளைஞர்களே! மங்கல நாளில் கைம்பெண் எதிர்ப்பட்டால் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையேயும் புகுந்துள்ளது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டதன் வேதனையை அறிந்த நாம், நம் வீட்டுப் பெண்ணை அபசகுனம் என்று ஒதுக்கலாமா? என் மகளின் திருமணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவர்கள் அந்த மூன்று தோழியரே. அவள் இன்று நிறைவாக வாழ்கிறாள்.

உங்கள் தெருவில் மூலையில் அமர்ந்திருக்கும் பெண்ணைத் தேடிச் செல்லுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு செல்லுங்கள். அப்போதுதான் அவளுக்கு ஆள் வேண்டும்.