பரிமாறும் பலகையும் அதன் மரமும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தச்சுத்தொழில் வல்லார் நிறைந்த இவ்வவையில், உளி பிடித்தறியாத தமிழாசிரியராகிய யாம் மரத்தைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். எம் பாட்டனார் இழைப்புளி பிடித்தவர் என்பதொன்றே எமக்குள்ள உரிமை.

இந்நாளில் நகரத்து உணவு விடுதியாரும் இல்லத்தாரும் பண்டங்களைப் பரிமாறுதற்கு மரப்பலகையை விரும்பி வாங்குகின்றனர். நம் இளைஞர்க்கு இது நல்லதொரு பிழைப்பு வழி. ஆயினும், விற்ற பலகை மூன்று திங்களிற் கோணுமாயின், அல்லது வெடிக்குமாயின், வாங்கினவர் மறுமுறை நம் பட்டறைப்படி ஏறுவாரோ? ஆதலின் மரத்தின் குணம் அறிந்தே பலகை அறுத்தல் வேண்டும்.

தொல்காப்பியனார் மரபியலில், வைரம் உள்ளே உடையதை மரமென்றும், புறத்தே உடையதைப் புல்லென்றும் வகுத்தார். கடைகளில் மிகுதியாக விற்கும் மூங்கிற் பலகை அவர் கணக்கிற் புல்லே; இக்காலத்துத் தாவர நூலாரும் மூங்கிலைப் புல்லினத்திலேயே வைத்துள்ளனர். அது சிம்புகளைப் பசையால் ஒட்டிச் செய்வது; கத்தியின் கூரையும் விரைந்து மழுக்கும். அகக்காழ் உடைய மரங்களிலும் வெளிற்றுப் பகுதியை நீக்கி வைரத்தையே கொள்க. வெளிறு நீரை உறிஞ்சும், பூச்சிக்கும் இரையாம்.

பரிமாறுதற்கு யாம் முதலிடம் தருவது பூவரசுக்கே. வேலியிலும் குளக்கரையிலும் நிற்பதால் இதனை நாம் எளிதாக எண்ணிவிட்டோம். இதன் வைரம் கருஞ்சிவப்பு, இழை நெருக்கம், வாடையில்லை. ஹவாய்த் தீவினர் இதே மரத்தை மிலோ என்று வழங்கி, இதில் உணவுக் கிண்ணங்கள் குடைந்தனர். அவர்கள் படகு செய்யும் கோவா மரம் உறுதியிற் சிறந்ததாயினும், உண்பொருளின் சுவையைக் கெடுக்கும் என்று உணவுக் கலத்திற்கு அதனை ஒதுக்கினர். பன்னெடுந் தொலைவிலுள்ளார் நம் வேலி மரத்தின் அருமை அறிந்தமை காண்மின்!

பலா, மஞ்சளாய்த் தொடங்கி நாளடைவில் தேன்நிறமாகும். வீணைக்கு உரிய மரம் உணவுக்கும் உரியதே. புளி மிக இறுகியது. கசாப்புக் கட்டைக்கு அதனைக் கொள்வது அதனால்தான். பரிமாறும் பலகைக்கோ சுமை மிகும். வேம்பு புதிதிற் கசப்பு வாடை வீசும். வேங்கைக் குவளையில் ஊற்றிய நீர் நீலம் பாய்ந்து தோன்றும்; நீரில் இறங்கும் சாறுடைய மரத்தின்மேற் பழம் நறுக்கி வைத்தல் எமக்கு உடன்பாடன்று. எட்டியையும் தில்லையையும் உணவருகே கொணரவே கூடாது.

இனி, உலர்த்தல். நூற்றுக்கு 30 பங்கு ஈரம் என்னும் எல்லைக்குக் கீழே இறங்கிய பின்னரே மரம் சுருங்கத் தொடங்கும். வளையத்தின் போக்கிற் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஆதலின் தட்டையாக அறுத்த பலகையின் விளிம்புகள் பட்டைப் பக்கமாக வளைந்தெழும். ஆரத்தின் வழியே அறுத்தது சமமாக நிற்கும். அங்குலக் கனத்திற்கு ஓராண்டு நிழலில் அடுக்கிக் காற்றாட வைப்பது பழைய வழக்கம். அவ்வளவு பொறுக்கமாட்டாமற் பச்சை மரத்திற்கு மெருகு பூசி விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதேயாம்.

மரத்திற் கிருமி தங்கும் என்று அஞ்சுவார் உளர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் துணைவரும் இதனைச் சோதித்து 1994-இல் வெளியிட்டனர். மரப்பலகைமேல் இட்ட கிருமிகள் சிறிது பொழுதில் மேற்பரப்பிலிருந்து மீட்டெடுக்க அரியவாயின. கத்திக்கீறல் மிக்க பிளாஸ்டிக் பலகையைக் கையால் துலக்கித் தூய்மை செய்வதே கடினமாயிற்று. அதற்காகக் கழுவாமல் வைத்துவிடாதீர்கள், தாய்மார்களே! கழுவித் துடைத்து, நிமிர்த்தி நிறுத்துங்கள், ஊறப்போடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் உலராது. பலகையிற் பூசினால் நாளடைவிற் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றுப்பட்டு உலர்ந்து இறுகும். மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்து, முழுதும் காய்ந்தபின் மறுபூச்சு இடுக. இழை முடியும் இரு முனைகளிலும் மிகுதியாகப் பூசுக. நீர் புகும் வாயில் அதுவே. பூவரசிலும் பலாவிலும் அறுத்த துண்டுகள் சில இம்மேசைமேல் உள்ளன. முகர்ந்தும் தட்டியும் பாருங்கள்.