கையை மட்டும் பழக்கினால் போதுமா?

(அருள்புரத்தில் சாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சாயப்பட்டறைக்குப் புதிதாக வருகிறவனுக்கு என்ன கற்றுக் கொடுக்கிறார்கள்? துணியைப் போடு, உப்பைக் கொட்டு, சாயத்தை ஊற்று என்கிறார்கள். இதற்குப் பெயர் பயிற்சியாம்! கை பழகிவிடுகிறது, மூளைக்கு மாத்திரம் வேலை கிடையாது.

கொட்டிய உப்பு எங்கே போயிற்று? நொய்யலுக்குப் போயிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று கூலியை இழந்தவன் அதே தொழிலாளிதான்.

2025-இல் பக்கத்துக் கரைப்புதூரில் ஒரு பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தோழர்களில் மூவர் மாண்டனர். இப்படிப்பட்ட சாவை விதி என்பவர்கள் உண்டு. விதியுமல்ல, வெங்காயமுமல்ல! கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அது மிகுந்தால் மூக்குக்கு நாற்றமே தெரியாது. கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். பாதுகாப்பின்றி மலத்தொட்டியில் ஆளை இறக்குவது குற்றமென்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது.

ஆகவே, பட்டறைக்குள் தண்ணீர் வருவது முதல், இவ்வூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீராகவும் உப்பாகவும் பிரிந்து திரும்புவது வரை, முழுத் தொழிலையும் தொழிலாளிக்குக் காட்ட வேண்டும் என்கிறோம். ஒடிசா, பீகார்த் தோழர்களுக்கு அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். ஆபத்தான தொட்டியில் "இறங்க மாட்டேன்" என்று சொல்லவும் கற்பிக்க வேண்டும். மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் இதே பாடந்தான்.

ஏன், எதற்கு என்று கேட்கத் தெரியாதவனைத் தொழில் கற்றவன் என்று எப்படிச் சொல்லுவது?