இல்லறத்திற்கு நூல்கள் துணையாமா?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சமூகத்தில் மணம்புரியும் ஒவ்வொரு தம்பதிக்கும் இல்லறத்தைப்பற்றிய நூலொன்றைப் பரிசாக அளித்தல் நலமாமோ என்று நமது சங்கத்தார் ஆலோசித்து வருகின்றனர். அதுகுறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் புலவனல்லேன், மனோதத்துவம் பயின்றவனுமல்லேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் இல்லறம் நடத்தியவன். பதினோராண்டுகள் நமது சமரசக் குழுவில் அமர்ந்து, பிணங்கி வந்த தம்பதிகளின் வழக்குகளைக் கேட்டவன். இவ்வளவே எனக்குள்ள தகுதி.

இல்லறத்தார்க்கு அறிவுரை கூறும் நூல்கள் நமக்குப் புதியன அல்ல. திருவள்ளுவர் 'வாழ்க்கைத் துணைநலம்' என்று ஓர் அதிகாரம் வகுத்தமையை நம்முள் அறியாதார் இலர். மணப்பந்தலில் வாழ்த்துரைப்போர் அதனையே எடுத்தெடுத்து மணமகளுக்கு ஓதுவர். ஆனால் அப்பெருமானார் தம் நூலை எங்கே முடித்தார் என்பதைச் சிந்திப்பவர் சிலரே. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்களை, அதாவது முப்பது குறட்பாக்களை, கணவனும் மனைவியும் பிணங்கிக் கூடுவதற்கே ஒதுக்கி, அவற்றோடு நூலை நிறைவு செய்தார். பிணக்கில்லாத இல்லறம் உண்டென்று அவர் கருதவில்லை. பின்னாளில் திரு. வி. கலியாணசுந்தரனார் 'பெண்ணின் பெருமை' என்னும் நூலை எழுதிப் பெண்ணை அடிமையாகக் கருதும் வழக்கத்தைக் கண்டித்தார்.

மேனாடுகளிலும் இவ்வகை நூல்கள் பெருகின. இங்கிலாந்தில் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் தமது முதல் மணம் அறியாமையாற் சிதைந்து, 1916-இல் நீதிமன்றத்தால் நீக்கப்பெற்றபின், அத்துன்பம் பிறர்க்கு வாராதிருத்தல் வேண்டுமென்று 1918-இல் தாம்பத்திய அன்பைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் டேல் கார்னகி 1936-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் இறுதிப் பகுதியும் இல்லற இன்பத்திற்கு ஏழு விதிகளை வகுத்தது. 1981-இல் திருத்திய பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. நூல்களும் காலத்தால் மாறுவன என்பதற்கு இது சான்று.

அண்மைக் காலத்து நூல்களுள் யான் ஊன்றிப் படித்தது ஜான் காட்மன் என்னும் பேராசிரியர் 1999-இல் வெளியிட்டது. இவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், குடியிருப்பு வீடுபோல் அமைந்த ஆராய்ச்சிக்கூடமொன்றில் தம்பதிகளைத் தங்கச் செய்து, அவர்கள் பேசுவதையும் பிணங்குவதையும் படம்பிடித்தார். பேசும்போது அவர்தம் இதயத் துடிப்பு ஏறி இறங்குவதையும் கருவிகளால் அளந்தார். இல்லறத்தைக் கெடுக்கும் பகைகள் நான்கு என்று அவர் கூறுகிறார். அவை, குணத்தைக் குறைகூறல், இகழ்தல், தன் பிழையை ஒப்பாது தற்காத்தல், மறுமொழி கூறாது சுவர்போல் இருந்துவிடல் என்பன. இவற்றுள் இகழ்ச்சியே மிகக் கொடியது என்பது அவர் முடிபு.

முதற்பகையைச் சிறிது விளக்குவேன். "மின்சாரக் கட்டணம் செலுத்த மறந்துவிட்டீர்களே, எனக்கு வருத்தமாயிருக்கிறது" என்பது முறையீடு, அது செயலைப்பற்றியது. "உங்களுக்கு என்றைக்குப் பொறுப்பு இருந்தது?" என்பது குறைகூறல், அது மனிதரைத் தாக்குவது. முன்னதற்கு விடையுண்டு. பின்னதற்குச் சண்டையே விடையாம்.

அவர் கண்ட வேறொன்று எனக்குப் பெரிதும் ஆறுதலளித்தது. தம்பதிகளின் பிணக்குகளில் நூற்றுக்கு 69 பங்கு என்றும் முற்றத் தீராதவையாம். ஒருவர் சிக்கனர், மற்றவர் தாராளர். ஒருவர் விருந்தினரை விரும்புவர், மற்றவர் தனிமையை விரும்புவர். இவ்வேற்றுமைகள் முதுமைவரை உடன்வரும். நல்வாழ்வு வாழ்வோர் அவற்றைத் தீர்த்தவரல்லர். நகைத்தும் விட்டுக்கொடுத்தும் அவற்றோடு வாழக் கற்றவர்கள். வள்ளுவர் ஊடலுக்கு முப்பது குறள் வைத்தமையின் உட்பொருளும் இதுவே போலும்.

இந்நூலையும் வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது. எத்தம்பதி பிரிவர் என்பதைத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட விழுக்காடு முன்னறிந்தாரென்று பரவிய புகழை ஏனைய ஆராய்ச்சியாளர் மறுத்தனர். முடிவு தெரிந்தபின் வகுத்த கணக்கைப் புதிய தம்பதிகளிடம் சோதித்தாலன்றி ஏற்பதற்கில்லை என்பது அவர் வாதம். இதுபோலவே, கேரி சேப்மன் என்னும் பாதிரியார் 1992-இல் எழுதிய நூலில், அன்பைத் தெரிவிக்கும் மொழிகள் ஐந்தென்றும், அவற்றுள் ஒன்றே ஒவ்வொருவர்க்கும் முதன்மையானதென்றும் கூறினார். அவ்வாறு ஒன்றே முதன்மை என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2024-இல் ஆராய்ந்தோர் உரைத்தனர். எந்நூலையும் நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளிப் படித்தலே முறை.

இனி என் அனுபவம் ஒன்று கூறுவேன். காட்மனின் நூலைப் படிக்கும்போது, என் மனைவியாருக்குப் பொருந்துமென்று தோன்றிய இடங்களிலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு அதனை அவரிடம் கொடுத்தேன். பத்து நாளில் நூல் என்னிடம் திரும்பியது. எனக்குப் பொருந்தும் இடங்களில் நீலக்கோடுகள் இருந்தன. என் கோடுகளைக் காட்டிலும் அவை மிகுதி. யான் முகஞ்சுளித்தபோது அவர், "நீங்கள் எனக்காகப் படித்தீர்கள், நான் உங்களுக்காகப் படித்தேன். தனக்காகப் படித்தவர் இந்த வீட்டில் யார்?" என்றார். அன்றிரவு இருவரும் மறுபடியும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம்.

மற்றொன்று நகைத்துக் கூறத்தக்கதன்று. சில ஆண்டுகளுக்கு முன் சமரசக் குழுவின்முன் ஓர் இளம்பெண் வந்தாள். கணவர் கோபக்காரர் என்று மட்டும் கூறினாள். கணவரும் மாமியாரும் அருகிலேயே அமர்ந்திருந்தனர். அவளைத் தனியே அழைத்துக் கேட்கவேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொறுமையால் இல்லம் செழிக்கும் என்று கூறி, இல்லற நூலொன்றையும் அவள் கையிற் கொடுத்து அனுப்பினேன். எட்டு மாதங்கள் கழித்து, முறிந்த கையோடு அவள் என் வீட்டு வாயிலில் நின்றாள். அந்நூலையும் கொண்டுவந்திருந்தாள். "பெரியப்பா, பொறுமையைப்பற்றி இதில் உள்ளதெல்லாம் படித்தேன். அடிக்கிற கையைப்பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லையே" என்றாள். யான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இன்று தையற்றொழில் செய்து தன் மகனை வளர்த்து வருகிறாள். அந்த எட்டு மாதங்களுக்கு யானும் பொறுப்பாளியே.

பின்னரே யான் ஒன்றை அறிந்தேன். அதே காட்மன், நீல் ஜேகப்சன் என்பவருடன் சேர்ந்து, மனைவியரை அடிக்கும் ஆடவரைப்பற்றி 1998-இல் தனியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். பிணக்கு வேறு, வன்முறை வேறு. பிணக்கிற்கு இருவரும் மருந்துண்ண வேண்டும். வன்முறைக்கு அடிப்பவரே பொறுப்பு. அடிபடுபவரிடம் இனியமொழி பேசுமாறு கூறுதல் நோயற்றவருக்கு மருந்தளிப்பது போலாம். நமது நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அத்தகைய பெண்ணுக்குப் பாதுகாப்பும், குடியிருக்கும் உரிமையும், பொருளுதவியும் கோர வழிசெய்துள்ளது. அச்சட்டத்தை அவளுக்கு எடுத்துரைத்தல் குலப்பெருமைக்கு இழுக்கென்று எண்ணுவோர் நம்முள் உளர். அடிபட்ட பெண்ணை ஊமையாக்கிக் காக்கும் பெருமை எனக்கு வேண்டா.

ஆதலால் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதலாவது, திருமணப் பரிசாக நூல் அளிப்பின், மணமகனுக்கு ஒன்றும் மணமகளுக்கு ஒன்றுமாக இரண்டு பிரதிகள் அளிக்கவேண்டும். மணமகனின் பிரதியை அவன் கையிலேயே கொடுக்கவேண்டும். இரண்டாவது, சமரசக் குழுவின்முன் வரும் ஒவ்வொரு பெண்ணையும், மாதர் ஒருவர் முன்னிலையில், முதலில் தனியே கேட்கவேண்டும். மூன்றாவது, அடியும் அச்சமும் உள்ள இடத்தில் நூலை எடுத்துவைத்துவிட்டுப் பாதுகாப்பைத் தேடவேண்டும்.

அன்பர்களே! நூல் துணையாமா என்று என்னைக் கேட்டீர்கள். இருவரும் தத்தம் பிழையைக் காணப் படிப்பின் துணையாம். ஒருவர் மற்றவரைத் திருத்தக் கொடுப்பின் பகையாம். என் வீட்டு நூலில் சிவப்புக்கோடும் நீலக்கோடும் இன்றும் உள்ளன. வேண்டுவோர் வந்து காணலாம்.