பாடசாலைத் தெரிவும் தேசப்படமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்பது வீடுதோறும் எழும் வினா. அதற்கு விடை கூற நாம் வரவில்லை. பெற்றோர் எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதைத் தேசப்படத்தின் துணைகொண்டு ஆராயலாம் என்று கூறவே முன்வந்தோம்.

1854 இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளைப் படத்திற் குறித்தார். குறிகள் தண்ணீர் இறைக்கும் குழாய் ஒன்றைச் சூழ்ந்து நின்றன. 1960களில் கனடாவில் ரொஜர் ரொம்லின்சன் படவேலையைக் கணினியின் வசமாக்கினார். வீடு, வீதி, பாடசாலை என்பவற்றைத் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் அம்முறையே புவியியல் தகவல் முறைமை.

நமது நாட்டில் முதலாம் தர அனுமதிக்குப் பல ஆண்டுகளாகப் படத்திலே வட்டம் கீறி வந்துள்ளனர். வசிப்பிடமே மையம், விண்ணப்பித்த பாடசாலையே எல்லை. வட்டத்துள் வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். ஆனால், வட்டம் கடலை அறியுமா? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலே கிடப்பது ஒடுங்கிய நீர்ப்பரப்பு. கடற்பாதை ஓடாத நாளிலோ பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் சென்று, பொன்னாலைப் பாலத்தாற் சுற்றி வரவேண்டும். நேர்கோட்டுத் தூரம் வேறு. பிள்ளை போகும் தூரம் வேறு. கணினிப் படம் இரண்டையும் அளக்கும்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளை செல்லும் பாடசாலைக்கு ஒரு கோடும், கிட்டிய பாடசாலைக்கு இன்னொரு கோடும் கீறுவோம். எத்தனை பேர் கிட்டியதைக் கடந்து செல்கின்றனர் என்பது உடனே தெரியும். பஸ் வசதியா, விஞ்ஞானப் பிரிவா, தந்தை படித்த இடம் என்ற பற்றா, வெறும் பெயரா என்று பின்னர் ஆராயலாம்.

ஒன்றை மறையாது கூறுவோம். நாமும் கடந்து சென்றவர்களே. ஊர்ப் பாடசாலையின் வாசலைத் தாண்டியே நாள்தோறும் மிஷன் பாடசாலைக்குப் போனோம். அங்கு பெற்ற கல்விக்கு நன்றி மறவோம். ஆயினும், தாண்டிப் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊர்ப் பாடசாலை வாங்கில் ஓரிடம் வெறுமையாயிற்று. தாண்டிப் போக வழியற்றோரின் பிள்ளைகளே அங்கு எஞ்சினர். படம் வரையக் கற்ற பின்னரே இதனை உணர்ந்தோம்.

எனவே, குறுகிய கோட்டைக் கண்டு மனநிறைவு என்று எண்ணலாகாது. பஸ் காசு இல்லாத வீட்டிலும் கோடு குறுகியே இருக்கும். படம் எங்கே என்று காட்டும். ஏன் என்பதைத் தாய்மாரிடமே கேட்டறிய வேண்டும்.

அங்கத்தவர்களே, வரும் விடுமுறையில் எமது ஊரைப் படமாக வரைவோம். எவர் பெயரும் அதில் வேண்டாம். கண்டதைப் பெரியோர் முன் வைப்போம். ஊர்ப் பாடசாலைக்கு எது குறை என்று அறிந்தபின், அதை நிறைவு செய்வது நம் எல்லோர் கடனுமாகும்.